ஓதம் பார்த்து நடத்தப்பட்ட ஒரு நாள்: ஹேவ்லாக் தீவில் முழுநாள் கடற்கரைச் சுற்றுலா

தைப்பூச விடுமுறையோடு மேலும் சில நாள்களைச் சேர்த்துக்கொண்டு நானும் கணவரும் பத்து வயது மகளும் அறுபத்தேழு வயதான மாமியாரும் அந்தமான் சென்றிருந்தோம். அந்தப் பயணத்தில் ஒரு முழு நாளை ஹேவ்லாக் தீவின் கடற்கரைகளுக்கென ஒதுக்கி, வழிகாட்டி, வண்டி, படகு, மதிய உணவு எல்லாம் அடங்கிய சுற்றுலா ஒன்றைத் தீவிலேயே இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் மூலம் பதிவு செய்தோம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 3,500 ரூபாய், குழந்தைக்கு 2,500 ரூபாய், ஆக மொத்தம் 13,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல என்பதால், அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நிறைகளோடு ஒரு குறையும் இதில் வருவதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்கே இதே வகைச் சுற்றுலாவை நடத்துபவர்கள் பலர் இருப்பதால், நான் சொல்வதில் பெரும்பகுதி யாரிடம் பதிவு செய்தாலும் பொருந்தும்.

ஆங்கிலேயத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரைத் தாங்கியிருந்த இத்தீவுக்கு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. அரசுப் பலகைகளில் புதிய பெயர்தான் இருக்கிறது. பேச்சில் இன்னமும் ஹேவ்லாக்தான். கடற்கரைகளுக்கும் இப்படி இரட்டைப் பெயர் உண்டு. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டு, கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று ஊர்கள் எழும்பின. அந்த ஊர்களை ஒட்டிய கடற்கரைகளை மூன்றாம் எண், ஐந்தாம் எண், ஏழாம் எண் என்றே வண்டி ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். பதிவு செய்யும்போது இந்த எண்களை அறிந்து வைத்திருப்பது உதவும். ஒரே கடற்கரையை எண்ணால் ஒருமுறையும் பெயரால் ஒருமுறையும் சொல்லி இரண்டு இடங்கள் என்று கணக்குக் காட்டிய தாள் ஒன்றைப் படகுத்துறையில் எங்களிடம் நீட்டினார்கள்.

நாங்கள் பதிவு செய்த நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் மூன்றே இடங்கள்தான் இருந்தன: காலை ஒன்பதரைக்கு எலிபெண்ட் கடற்கரை, மதியம் இரண்டுக்குக் காலாபத்தர், நான்கு மணிக்கு ராதாநகர். மற்றவர்கள் ஐந்து, ஆறு இடங்கள் என்று அடுக்கும்போது இவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொண்டதே எனக்கு முதலில் நம்பிக்கை தந்தது. ஆனால் முந்தைய நாள் மாலை வழிகாட்டி தொலைபேசியில் அழைத்து, அந்த வரிசையை முழுவதுமாக மாற்றப் போவதாகச் சொன்னார். அவர் கோவிந்த நகரில் பிறந்து வளர்ந்த வங்காளி. பள்ளிப் படிப்பைப் போர்ட் பிளேரில், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், முடித்தபோது உடன் படித்த தமிழ்ப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட தமிழில் தயங்கித் தயங்கிப் பேசினார். "அக்கா, நாளைக்கு மதியம் தண்ணி ரொம்ப வத்திரும். காலாபத்தர்ல கல்லுதான் தெரியும். விடியக்காலையிலேயே போயிருவோம். அஞ்சு மணிக்கு ரெடியா இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இந்தச் சுற்றுலாவின் உண்மையான மதிப்பு என்பது மறுநாள் முழுக்கத் தெரிந்தது.

அந்தமான் கடலில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. இந்த ஏற்ற வற்றத்தைத்தான் ஓதம் என்கிறோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை போகும். சென்னை மெரினாவில் நின்று பழகிய நமக்கு இது சட்டென்று புலப்படாது. அங்கே ஓதத்தின் வேறுபாடு சிறியது, அலையின் வேகம்தான் கண்ணில் படும். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையிலோ அலை மிகக் குறைவு, கரையை ஒட்டிய தரை தட்டையானது. அதனால் இரண்டு மீட்டர் நீர் இறங்கும்போது, காலையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் மதியம் பாசி படிந்த பாறையும் செத்த பவளத்தின் கூர்முனைகளும் வெகுதூரம் வரை வெளியே வந்துவிடும். நாங்கள் சென்ற நாள் தைப்பூசத்தை ஒட்டிய நாள், அதாவது பௌர்ணமி நெருங்கிய நேரம். அன்று காலை எட்டே முக்காலுக்கு ஏற்றத்தின் உச்சம், பிற்பகல் மூன்றுக்கு வற்றத்தின் ஆழம் என்று வழிகாட்டி தன் கைபேசியில் இருந்த ஓத அட்டவணையைக் காட்டினார். அச்சிட்ட திட்டத்தின்படி இரண்டு மணிக்குக் காலாபத்தர் சென்றிருந்தால் என்ன பார்த்திருப்போம் என்பதையும் பின்னர் தெரிந்துகொண்டோம். மதிய உணவுக்குப் போகும் வழியில் ஐந்தாம் எண் கடற்கரையை எட்டிப் பார்த்தபோது, அங்கே ஒரு குடும்பம் நீந்துவதற்கான உடைகளோடு வந்து, கால் வைக்க இடமில்லாமல் கரையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஓதத்தின் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு வாரத்துக்கு முன் சரியாக அமைந்த திட்டம் இந்த வாரம் முற்றிலும் தவறாகிவிடும். ஆண்டு முழுவதற்கும் ஒரே தாளை அச்சிட்டு வைத்துக்கொண்டு சுற்றுலா நடத்துவது ஏன் சரிப்படாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இன்னொன்று, வெளிச்சம். இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஹேவ்லாக் ஏறத்தாழ 93 பாகையில் இருக்கிறது. ஆகவே கடிகாரம் சென்னையில் காட்டுவதையே இங்கும் காட்டினாலும், சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உதித்து முன்னதாகவே மறைந்துவிடுகிறது. பிப்ரவரி நடுவில் காலை 5.40-க்கு உதயம், மாலை ஐந்தரைக்குள் அஸ்தமனம். சென்னைப் பழக்கத்தில் "ஆறு மணிக்கு மேல் கடற்கரைக்குப் போகலாம்" என்று நினைப்பவர்களுக்கு இங்கே இருட்டுதான் மிஞ்சும். முழுநாள் என்று சொல்லப்படும் எந்தச் சுற்றுலாவும் இங்கே விடியலிலேயே தொடங்கினால்தான் முழுநாளாகும்.

சரியாக ஐந்து மணிக்கு வண்டி வந்தது. காலாபத்தர் என்றால் இந்தியில் கரும்பாறை. கிழக்கு நோக்கிய அந்தக் கரையில், மணலிலும் ஓரத்து நீரிலும் கருத்த பாறைகள் கிடக்கின்றன. நாங்கள் சென்றபோது நீர் ஏறிக்கொண்டிருந்தது. பாறைகளில் பாதி முழுகியும் பாதி வெளியே தெரிந்தும் இருந்தன. கடல் முதலில் சாம்பல் நிறமாக இருந்து, வெளிச்சம் பரவப் பரவ இளம்பச்சையாகி, சூரியன் ஒரு முழம் எழுந்தபோது பாட்டில் கண்ணாடியின் நிறத்துக்கு வந்து நின்றது. எங்களைத் தவிர ஓர் இளம் தம்பதியும் இரண்டு நாய்களும் மட்டுமே இருந்தார்கள். என் மகள் ஒரு பாறையின் ஓரத்தில் உட்கார்ந்து, சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நண்டு தன் சங்கைவிடச் சற்றுப் பெரிய வெற்றுச் சங்கு ஒன்றின் வாயைக் கொடுக்கால் தடவித் தடவி அளந்தது, உள்ளே ஒரு காலை விட்டுப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி வந்து அளந்தது. வீடு மாறுவதா வேண்டாமா என்ற அந்த யோசனை கால் மணி நேரம் நீடித்தது. வழிகாட்டி அவசரப்படுத்தவே இல்லை. மகள் எழுந்த பிறகு, கடற்கரையிலிருந்து வெற்றுச் சங்குகளைப் பொறுக்கிச் செல்வதால் இந்த நண்டுகளுக்கு வீடு கிடைக்காமல் போகிறது என்று மட்டும் அவளிடம் சொன்னார். அவள் ஏற்கெனவே பாவாடைப் பையில் போட்டிருந்த மூன்று சங்குகளை எடுத்து அந்தப் பாறையின் அருகிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஒரு நல்ல வழிகாட்டியின் அடையாளமாக நான் இதைத்தான் சொல்வேன்: தடை போடாமல், காரணத்தைச் சொல்லிப் புரியவைத்தார்.

அடுத்தது எலிபெண்ட் கடற்கரை. தீவின் வடமேற்கில் உள்ள இந்த இடத்துக்கு வண்டிப் பாதை கிடையாது. காட்டு வழியாக ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும் அல்லது படகுத்துறையிலிருந்து விசைப்படகில் இருபது நிமிடம் செல்ல வேண்டும். வேர்களும் சேறும் நிறைந்த காட்டுப் பாதை மாமியாரின் முழங்காலுக்கு ஒத்துவராது என்று நாங்கள் பதிவின்போதே சொல்லியிருந்ததால் படகு ஏற்பாடாகியிருந்தது. படகுத்துறையில் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டார்கள். லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகுதான் ஏற்றினார்கள். குழந்தைகளுக்கென்று தனி அளவு இருந்தது, வார்களை வழிகாட்டியே இழுத்துப் பார்த்துச் சரிசெய்தார். நாங்கள் ஏறியது ஏழரை மணிப் படகு. பிந்திய படகுகளுக்காக அந்தத் துறையில் நிற்கும் கூட்டத்தைத் திரும்பி வரும்போது பார்த்தேன். வரிசை வெயிலில் நீண்டு கிடந்தது.

முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். எலிபெண்ட் கடற்கரையில் இறங்குதுறை இல்லை. படகு கரையோரம் நிற்க, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடந்துதான் மணலுக்கு வர வேண்டும். எங்கள் வழிகாட்டி இதை முதல் நாளே சொல்லி, மாமியாரைப் புடவைக்குப் பதில் சுடிதாரில் வரச் சொல்லியிருந்தார். படகுக்காரர் சிறிய மர ஏணியை வைத்துப் பிடித்துக்கொள்ள, வழிகாட்டி முதலில் தண்ணீரில் இறங்கி நின்று, "அம்மா, என் தோளைப் பிடிச்சுக்கோங்க, அவசரமே இல்ல" என்று இரண்டு முறை சொன்னார். அவர் சொன்ன விதத்தில் மாமியாருக்குப் பயம் போய்விட்டது. அதே நேரம் பக்கத்துப் படகில் வந்த ஒரு பெரியவரை எவரும் கவனிக்காததால் அவர் தண்ணீரில் தடுமாறி விழுந்து எழுந்தார். வழிகாட்டி என்பவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு காட்சிகளையும் சொல்லத் தோன்றுகிறது.

மரம் வெட்டும் தொழில் நடந்த காலத்தில் கட்டைகளை இழுக்க இத்தீவுகளுக்கு யானைகள் கொண்டுவரப்பட்டன. இக்கரையின் பெயர் அந்த யானைகளால் வந்தது. தீவுக்குத் தீவு கடலில் நீந்திச் சென்று வேலை செய்த யானைகளும் இருந்தன. அவற்றில் கடைசியாக உலகறிந்த ராஜன் என்ற யானை இதே ஹேவ்லாக்கில்தான் 2016-ல், தன் 66-வது வயதில் இறந்தது. கடலுக்கடியிலிருந்து அதன் கால்களைப் பார்த்து எடுத்த புகைப்படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். எங்கள் வழிகாட்டி சிறுவனாக இருந்தபோது அந்த யானைக்கு வாழைப்பழம் கொடுத்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. கரையில் இன்று யானைகளை நினைவூட்டுபவை வேரோடு சாய்ந்து வெளுத்துக் கிடக்கும் பெருமரங்கள் மட்டுமே. அவை 2004 டிசம்பர் 26 சுனாமியில் விழுந்தவை. உப்பும் வெயிலும் பட்டு எலும்பு போல வழவழப்பாகிவிட்ட ஒரு அடிமரத்தில்தான் மாமியார் அன்று காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

இனி, குறை. சுற்றுலாத் திட்டத்தில் "30 நிமிடம் ஸ்நார்கெலிங்" என்று, அதாவது முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது என்று, எழுத்தில் இருந்தது. உண்மையில் கடலுக்குள் செலவிட்டது ஆளுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று நிமிடமே. இந்தப் பகுதியை நிறுவனம் தானே நடத்துவதில்லை. கரையில் உள்ள வேறு ஆட்களிடம் ஒப்படைத்துவிடுகிறது என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தோம். ஒருவருக்கு ஒருவர் என்று கூட்டிச் செல்லும் அந்த இளைஞர்கள், மிதவை வளையத்தில் நம்மைப் பிடிக்கச் சொல்லி இழுத்துச் சென்று, ஓர் இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டுமானால் தனிக் கட்டணம் என்றார்கள். எடுத்த படங்களுக்கும் தனிக் கட்டணம். என் கணவருக்குக் கொடுத்த முகக்கண்ணாடியின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்ததால் உள்ளே நீர் கசிந்துகொண்டே இருந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு நேரம் முடிந்துவிடும் என்ற பதில்தான் வந்தது. இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது, என்னைக் கூட்டிச் சென்றவர் இளைப்பாறுவதற்காக ஒரு பவளப்பாறையின் மேல் நின்றது. அவர் ரப்பர் செருப்புக்கடியில் அது நொறுங்கிய சத்தம் தண்ணீருக்குள் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பவளம் கல் அல்ல, உயிர். தன் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் தயாரிக்கும் உணவில்தான் அது பெரும்பாலும் வாழ்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது, சூடு நீடித்தால் இறந்துவிடுகிறது. 2010-ஆம் ஆண்டுக் கோடையில் அந்தமான் முழுவதும் இப்படிப் பெரிய அளவில் வெளுப்பு நேர்ந்தது. எலிபெண்ட் கடற்கரையின் ஆழமற்ற பகுதியில் இன்று காண்பவற்றில் பெரும்பகுதி, உடைந்து சாம்பல் நிறமாகிக் கிடக்கும் பழைய பவளத்தின் துண்டுகளே. விளம்பரப் படங்களில் உள்ள வண்ணங்களை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். ஆனாலும் சற்றுத் தள்ளி, மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில், புதிதாக வளரும் பவளங்களை நான் கண்டேன். மான்கொம்பு போலக் கிளைவிட்ட ஒன்றின் நுனிகள் மட்டும் இளநீல நிறத்தில் இருந்தன. அதற்குள் நகமளவு மீன்கள் நூறு இருக்கும், நான் நெருங்கியதும் எல்லாம் ஒரே கணத்தில் கிளைகளுக்குள் ஒடுங்கி, நான் அசையாமல் மிதந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கிளிமீன் ஒன்று பாறையைக் கடித்துக் கொறிக்கும் சத்தமும் கேட்டது. சட்டம் பவளத்துக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பைத் தருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றின் மேல், நாளெல்லாம் அங்கேயே பிழைக்கும் ஒருவர் நிற்கிறார் என்றால், அவருக்குக் கற்றுக்கொடுக்காதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வேகம் பார்த்தால் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க நேரமிருக்காது.

வழிகாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, பழியை வேறொருவர் மேல் தள்ளவும் இல்லை. தன்னிடம் இருந்த சொந்த முகக்கண்ணாடியைக் கணவருக்குக் கொடுத்து, ஏற்றம் உச்சம் தொட்டு நீரோட்டம் அடங்கியிருந்த அந்த வேளையில் தானே எங்கள் இருவரையும் இன்னொரு முறை அழைத்துச் சென்றார். நான் முன்பு கண்டதாகச் சொன்ன மான்கொம்புப் பவளம் அந்த இரண்டாம் முறை கண்டதுதான். முதல் முறை எனக்கு வாய்த்தது ஒரு புகைப்படம் மட்டுமே. ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு, தலையில் கண்ணாடிக் கவசம் மாட்டிக் கடலடியில் நடப்பது என்று அங்கே பல விளையாட்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றில் எதையும் எடுக்கும்படி அவர் எங்களைத் தூண்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மதிய உணவு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வீட்டின் முன்புறத் தாழ்வாரத்தில் நடக்கும் சிறிய வங்காள உணவகம். சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் செய்த மீன் குழம்பு, பொரித்த கத்தரிக்காய். கடுகெண்ணெய் வாசனைக்குப் பழகாத மாமியார் பருப்பும் கத்தரிக்காயும் போட்டுச் சாப்பிட்டார், சைவம் என்று முன்பே சொன்னால் தனியாகச் செய்து தருகிறார்கள். கைகழுவும் இடம் சுத்தமாக இருந்தது. ஒரு மணி நேரம் விடுதியில் படுத்து எழவும் நேரம் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கே கிளம்பிய குழந்தைக்கும் முதியவருக்கும் அந்த ஓய்வு மிகவும் தேவைப்பட்டது.

ராதாநகர் படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பாக்குத் தோப்பு, வாழை, அறுவடை முடிந்த வயல், இடையிடையே குளம் என்று போகிற அந்தச் சாலையில் மாமியார், "நம்ம ஊர்ப் பக்கம் மாதிரியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று குறிப்பிட்ட இடம் இது. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் வசதிகளுக்கும் கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2020-ல் பெற்ற முதல் எட்டு இந்தியக் கடற்கரைகளில் ஒன்று. சான்றின் பயனை நுழைந்தவுடனேயே உணரலாம். உடை மாற்றும் அறைகளும் கழிப்பறைகளும் பயன்படுத்தும் நிலையில் இருந்தன, உயிர்காப்பாளர்கள் பணியில் இருந்தார்கள், நீந்துவதற்கான பகுதி வலையால் வரையறுக்கப்பட்டிருந்தது. பெண்களோடும் முதியவர்களோடும் ஒரு முழுப் பிற்பகலைக் கடற்கரையில் கழிப்பதற்குக் கழிப்பறை எவ்வளவு முக்கியம் என்பதைச் சுற்றுலா பற்றி எழுதுபவர்கள் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வலை எதற்கு என்று மகள் கேட்டாள். உப்புநீர் முதலைகள் இத்தீவுகளின் சதுப்பு ஓடைகளில் வாழ்கின்றன. 2010-ல் இதே கரையின் ஓரத்தில் ஒரு அமெரிக்கச் சுற்றுலாப் பயணி முதலைக்குப் பலியானார். வழிகாட்டி இதை மறைக்காமல், குழந்தை பயந்துவிடாதபடி பொறுமையாகச் சொல்லி, கரையின் ஒரு முனையில் நீல்ஸ் கோவ் எனப்படும் அழகான சிறு உப்பங்கழிப் பக்கம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதைப் பெரியவர்களான எங்களிடம் தனியாக மறுபடியும் சொன்னார். அங்கே எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. ஆனாலும் அதன் எதிரிலேயே தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டோம். வழிகாட்டி போய் அவர்களையும் மேலேறச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள் அல்லர்.

இரண்டு கிலோமீட்டருக்கு நீளும் அந்தக் கரையில் பவளமோ பாறையோ இல்லை. காலடியில் மாவு போன்ற மணல் மட்டுமே. அதனால் கிழக்குக் கரையைக் கெடுக்கும் வற்றம் இங்கே நன்மையாகிவிடுகிறது. மூன்று மணிக்கு நீர் முழுவதும் இறங்கியிருந்தபோது, அகலமாக விரிந்த ஈர மணலில் எங்கு பார்த்தாலும் சிறு சிறு மணல் உருண்டைகள் கிடந்தன. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால், பட்டாணி அளவு நண்டு ஒன்று மணலை வாயில் அள்ளி, அதிலுள்ள உணவைச் சலித்துக்கொண்டு, மீதியை உருட்டிப் பின்னால் தள்ளியபடி நகர்கிறது. வளையிலிருந்து கதிர்கதிராகப் பரவும் அந்த உருண்டைகளின் வரிசையைப் பார்த்த மாமியார், மார்கழியில் வாசலில் வைக்கும் புள்ளிகளைப் போல இருக்கிறது என்றார். மறுபடி நீர் ஏறும்போது அத்தனையும் அழிந்துவிடும். அடுத்த வற்றத்தில் மீண்டும் போடும். நான்கு மணிக்கு வந்து சேரும் வண்டிகளில் இருந்தவர்கள் இதை மிதித்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குப் போனார்கள். அவர்களுக்கு இருந்தது ஒன்றரை மணி நேரம்தான், அவசரம் அவர்களுடைய தவறல்ல.

இங்கேயும் ஒரு சிறு எச்சரிக்கை: மாலையில் மணற்பூச்சிகள் கடிக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. கடித்த இடம் பல நாள்கள் அரிக்கும். வழிகாட்டி ஒரு சிறிய புட்டியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கால்களில் தடவிக்கொள்ளச் சொன்னார். தடவிய மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வேண்டாம் என்ற என் கணவர் சென்னை வந்த பின்னும் சொறிந்துகொண்டிருந்தார்.

சூரியன் கடலில் இறங்கியதும் கூட்டம் கலைந்தது. எங்கள் வழிகாட்டி மேலும் அரை மணி நேரம் இருக்கச் சொன்னார். கரையை ஒட்டி ஓங்கி நின்ற கடல் மகுவா மரங்களுக்குள் முதலில் இருட்டு வந்தது. வானத்தில் சிவப்பு அதற்குப் பிறகும் வெகுநேரம் இருந்தது. ஆறு மணிக்குத் திரும்பும்போது, கிழக்கே வயல்களுக்கு மேல் ஏறக்குறைய முழு நிலா வந்துவிட்டிருந்தது. பதின்மூன்று மணி நேர நாளில் அவர் ஒருமுறைகூட "நேரமாச்சு" என்று சொல்லவில்லை.

இந்தச் சுற்றுலா எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. இளம் வயதினர், வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள், வாடகை ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு காலாபத்தரையும் ராதாநகரையும் தாங்களே பார்த்துவிடலாம். ராதாநகருக்குப் படகுத்துறையிலிருந்து பேருந்தும் உண்டு. எலிபெண்ட் கடற்கரைக்குத் தனியே படகுச் சீட்டு எடுக்கலாம். செலவு எங்களுடையதில் பாதிகூட ஆகாது. அப்படிச் செல்பவர்கள் அன்றைய ஓத நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு, கிழக்குக் கரையை ஏற்றத்திலும் மேற்குக் கரையை வற்றத்திலும் வைத்துக்கொண்டால் போதும். முதியவரோ குழந்தையோ உடன் வந்தால் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது என்பது என் முடிவு. ஆனால் பதிவு செய்யும் முன், வரிசை ஓதத்தைப் பார்த்து மாற்றப்படுமா, ஸ்நார்கெலிங்கை யார் நடத்துகிறார்கள், கடலுக்குள் மட்டும் எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் எலிபெண்ட் படகுகள் நிறுத்தப்படும். அப்போது பணம் திரும்ப வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன்: வழிகாட்டியின் சிறப்பை முதலில், தேய்ந்த முகக்கண்ணாடியையும் பன்னிரண்டு நிமிடத்தையும் உடைந்த பவளத்தையும் அடுத்து. நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். 1,500 ரூபாயைத் திருப்பி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து, அங்கே செல்லவிருந்த என் தங்கைக்காக அவர்களிடம் திட்டத்தை மறுபடி வரவழைத்தேன். இடங்களுக்கு நேரே இருந்த மணிக்கணக்கு நீக்கப்பட்டு, "ஓதத்தைப் பொறுத்து வரிசை மாறும்" என்ற வரி சேர்க்கப்பட்டிருந்தது. ஸ்நார்கெலிங்குக்கு நேரே இன்னமும் 30 நிமிடம் என்றுதான் இருக்கிறது. அதைப் பற்றி மறுபடியும் எழுதியிருக்கிறேன்.